எட்டுத் தங்கம், ஒரு வெள்ளி

ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

விழா நல்லபடியாக முடிந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடிதத்தைப் பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாய்.

போன் பண்ணாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போன் முன்னறையில் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கண் போனதிலிருந்து அவர் காது எப்படித் தீட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரியாது. அடுப்பு முன்னால் நின்று நான் முணுமுணுப்பதற்கு முன்னறையிலிருந்து பதில் வருகிறது. அவரைப் பற்றி இந்த வீட்டுக்குள் யாரும் யாரிடமும் பேச முடியாது. அதனால் ஆஸ்பத்திரி லேபில், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும் மத்தியான நேரத்தில், ரத்தக் குழாய்களை ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஃபுட்பால் கிளப்புக்கு ஐம்பது வருஷம். ஹால் நிறைய ஆள். பதினேழு வருஷம் கோல் காத்தவர் என்று அப்பாவை நடு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 'பூட்டு வந்தாச்சு, பூட்டு வந்தாச்சு' என்று அவருடைய பழைய பட்டப்பேரைச் சொல்லிக்கொண்டே பழைய ஆட்கள் எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். குரலை வைத்தே ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் பக்கத்தில் மேஜை போட்டு, நீ பூச்சு போட ஏற்பாடு செய்த பதக்கங்களைச் சட்டத்துக்குள் வைத்து, மேலே ஒரு விளக்கு வேறு.

அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "ஒன்பது இறுதி ஆட்டம், ஒன்பது தங்கம்!" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை.

நமக்கு ஏதுடா ஒன்பது தங்கம்? எட்டுத் தங்கம், ஒரு வெள்ளி. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், இந்தத் தெருவில் பால் போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

கடையிலிருந்து சட்டம் வந்ததே விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான். கண்ணாடி போட்டு, பின்னால் ஆணி அடித்து, ஒன்பதும் ஒரே மஞ்சள். திருப்பிக் கொண்டு போக நேரம் இல்லை. என் மேலும் தப்பு இருக்கிறது. ஒன்பதையும் ஒரே துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாளைக்கு நூறு குழாய்க்கு லேபிள் ஒட்டுகிறவளுக்கு, அந்த ஒன்றின் மேல் ஒரு சீட்டு ஒட்டத் தோன்றவில்லை. ஆனால் கடைக்காரரிடம் போனில் பேசியது நீ. அவரிடம் என்ன சொன்னாய்?

அப்பாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா

*

பிப்ரவரி 3

அக்கா,

உன் கடிதத்தைப் பிரிக்கும்போதே தெரிந்துவிட்டது, திட்டு இருக்கிறதென்று. 'விழா நல்லபடியாக முடிந்தது' என்று நீ ஆரம்பித்தால் மீதியை நான் உட்கார்ந்துகொண்டுதான் படிப்பேன்.

பதினோராவது மாடிக்கும் பன்னிரண்டாவது மாடிக்கும் நடுவில், ரிப்பேருக்கு நின்ற லிஃப்டின் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு உதிரிப் பாகம் எடுத்து வருகிறேன் என்று போனவன் டீ குடித்துவிட்டு, தூங்கிவிட்டு, கல்யாணமும் பண்ணிக்கொண்டு வருவான் போலிருக்கிறது. அதனால் நேரம் நிறைய இருக்கிறது.

கடைக்காரன் ஒன்று நினைத்து ஒன்று செய்திருப்பான். பளபளவென்று செய்யச் சொன்னால் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் முக்கி எடுத்திருப்பான். அதற்கு ஏன் இப்படிக் கலங்குகிறாய்? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் தோற்ற ஆட்டம். அன்றைக்கு மைதானத்தில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு இப்போது சொந்த வீட்டு முகவரியே ஞாபகம் இருக்காது. அப்பாவாலும் பார்க்க முடியாது. யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

நான் விழாவுக்கு வரவில்லை என்ற கோபத்தை இதில் கலக்காதே. லீவு கேட்டேன். சூப்பர்வைசர் என்னைப் பார்த்த பார்வையில் நானே லீவை வாபஸ் வாங்கிக்கொண்டேன். வர முடியாதவன் வேறு என்ன செய்ய முடியும்? இங்கிருந்தபடி ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தேன். செய்தேன். அதுவும் குத்தம்.

அப்பா சாப்பிடுகிறாரா? கண் சொட்டு மருந்தை நிறுத்திவிட்டாரா, போடுகிறாரா?

தம்பி

*

பிப்ரவரி 16

தம்பிக்கு,

யாருக்கு என்ன குறைந்துவிட்டது என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

ரயில் மாமாவை நீ மறந்திருக்கமாட்டாய். அந்த இறுதி ஆட்டத்தில் எதிர் அணியின் சென்டர் ஃபார்வர்டு. கடைசி நிமிஷத்தில் அப்பாவைத் தாண்டி அந்த ஒரே கோலைப் போட்டவர். போட்டுவிட்டு, தன் அணி ஆட்கள் கட்டிப்பிடிக்க ஓடி வருவதற்குள், சேற்றில் விழுந்து கிடந்த அப்பாவைப் போய்த் தூக்கி நிறுத்தியவர். அன்றைக்கு அப்பா ஒரு பெனால்டியைப் பிடித்தார், தலைக்கு மேல் போன ஐந்தாறு பந்தைத் தட்டிவிட்டார். "நான் ஆடினதிலேயே நல்ல ஆட்டம் நான் தோத்ததுதான்" என்று அவர் சொல்லாத நாள் உண்டா? நீ ஒருநாளும் காது கொடுத்துக் கேட்டதில்லை, அது வேறு விஷயம்.

வருஷா வருஷம், அந்த ஆட்டம் நடந்த பிப்ரவரி பதினொன்று அன்றைக்கு, சாயங்காலம் ஆறு மணிக்கு ரயில் மாமா போன் பண்ணுவார். "பூட்டு, கதவைத் திற" என்பார். "சாவி உன்கிட்டதானே இருக்கு" என்பார் அப்பா. அப்புறம் ஒரு மணி நேரம் இரண்டு பேரும் சிறுபிள்ளைகளாகிவிடுவார்கள்.

இந்த வருஷம் போன் வரவில்லை.

அப்பா அன்றைக்கு நாலரைக்கே முகம் கழுவி, சட்டை மாற்றி, போன் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு ஆனது. "லைன் சரியில்லை போல, எடுத்துப் பாரு" என்றார். லைன் சரியாகத்தான் இருந்தது. எட்டு மணிக்கு, "அவனுக்கு உடம்பு சரியில்லையோ" என்றார். சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாளும் அதே சட்டையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

எனக்குள் ஏதோ உறுத்தியது. கிளப் வாட்ச்மேனைப் போய்ப் பார்த்தேன். விழா அன்றைக்கு வாசலில் வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கின நோட்டு அவரிடம் இருந்தது. ரயில் மாமா வந்திருக்கிறார். கையெழுத்து இருக்கிறது. எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து, சொல்லாமல் கொள்ளாமல் வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வாட்ச்மேன் சொன்னார்: "அந்தப் பெரியவரா? ஒன்பது தங்கம்னு சொன்னதும் எழுந்து போயிட்டாரும்மா. பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சான்னு கேட்டேன். திரும்பிப் பார்க்காம நடந்துட்டார்."

பேப்பரிலும் அப்படியே போட்டிருக்கிறார்கள், படத்தோடு. தினமும் காலையில் அப்பாவுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டுவது நான்தான். அந்தச் செய்தியை வாசிக்கும்போது 'ஒன்பது தங்கம்' என்ற வரியைத் தாண்டிப் போய்விட்டேன். என் வாழ்க்கையில் அவருக்கு நான் தாண்டி வாசித்த முதல் வரி.

ரயில் மாமா இருப்பது நீ இருக்கிற ஊரில். முகவரி பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். போய்ப் பார். கடையின் தவறு என்று சொல். காலில் விழச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்லச் சொல்கிறேன்.

அக்கா

*

மார்ச் 2

அக்கா,

போனேன். போகவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. தெரு முனை வரைக்கும் போனேன். பழைய நாலு மாடிக் கட்டடம். கீழே சலூன், பக்கத்தில் சைக்கிள் கடை. அவர் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்குகிறது. ஏதோ அந்த அட்டை எனக்காகவே எழுதினது மாதிரி அதைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். திரும்பி வந்துவிட்டேன்.

கடையின் தவறு என்று சொல்லச் சொல்கிறாய். அதைத்தான் சொல்ல முடியவில்லை. கடைக்காரன் என்னிடம் கேட்டான், அக்கா. "சார், இதுல ஒண்ணு வெள்ளியா இருக்கே, வெள்ளிப் பூச்சே போட்டுடவா?" என்று போனில் தெளிவாகக் கேட்டான். நான்தான், "வேண்டாம், எல்லாம் ஒண்ணு போலவே இருக்கட்டும்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதே என்று எழுதத்தான் நினைத்தேன். நீ விடமாட்டாய். பள்ளிக்கூடத்தில் என்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? 'ஓட்டைப் பூட்டு மகன்.' எட்டு முறை ஜெயித்தவர் மகன் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. கோலில் நின்று நான் ஒரு பந்தை விட்டால் போதும், பரம்பரை என்பார்கள். ஆட்டத்தை விட்டதும் அதனால்தான், ஊரை விட்டதும் பாதி அதனால்தான். நான் ஆட வரவில்லை என்றதும் அப்பா ஆறு மாசம் என்னோடு பேசாமல் இருந்தாரே, அப்போதுகூட நான் இதைச் சொல்லவில்லை. அதைக் கேட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தால் அவர் அந்த வெள்ளியைத்தான் முதலில் எடுத்துத் துடைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரே ஒரு நாள், ஊரே பார்க்க, எல்லாம் தங்கமாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான். அவருக்கு நல்லது செய்கிறேன் என்றே நினைத்தேன். சத்தியமாக.

இனிமேல் என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன். பூச்சை எடுத்துவிட முடியாதா?

தம்பி

*

மார்ச் 13

உன் கடிதத்தை நாலு நாள் கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தேன். முதல் நாள் எழுதியிருந்தால் இந்தக் காகிதம் தாங்கியிருக்காது.

பூச்சை எடுக்க முடியுமா என்று நான் உனக்கு முன்னாலேயே போய்க் கேட்டுவிட்டேன். லீவு போட்டு, சட்டத்தை ஒரு போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் நல்ல மனுஷர். என்னைவிட அவர் வருத்தப்பட்டார். "தங்கத்தை எடுத்துடலாம்மா. ஆனா உள்ள பித்தளைதான் இருக்கும். பழைய வெள்ளியை உரசி எடுத்துட்டுத்தான் மேல பூச்சு போட்டேன். ஒன்பதுலயும் பின்னால இருந்த எழுத்தையும் தேய்ச்சு சமம் பண்ணிட்டேன். இல்லேன்னா பூச்சு நிக்காது" என்றார். அந்த வெள்ளியில் மட்டும் வளைந்திருந்த வளையத்தைக்கூடப் பெரிய மனசு பண்ணி நிமிர்த்திக் கொடுத்திருக்கிறார். ஒன்பதும் ஒரே அச்சில் அடித்த பதக்கம். எது அந்த ஒன்று என்று அவருக்கும் தெரியவில்லை. ஒன்பதையும் மேஜையில் பரப்பி இரண்டு பேரும் ஒரு மணி நேரம் புரட்டினோம். தெரியவில்லை, தம்பி. இனிமேல் யாருக்கும் தெரியாது.

பேப்பர் ஆபீஸுக்கும் போனேன். செய்தி எழுதின நிருபர் வேறு ஊருக்கு மாறிவிட்டாராம். எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். 'பார்க்கலாம்' என்றார்கள். அவர்கள் பார்க்கலாம் என்றால் பார்க்கமாட்டார்கள் என்று அர்த்தம்.

இதற்கிடையில் அப்பா சட்டத்தைத் திறக்கச் சொல்கிறார். கண்ணாடி மேல் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்க்கிறார். வழுக்கிக்கொண்டு போகிறது. "அந்த ஒண்ணை மட்டும் எடுத்துக் கொடு, கையில வச்சுக்கிறேன்" என்கிறார். எந்த ஒன்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆணி இறுகிவிட்டது, தச்சரைக் கூப்பிட வேண்டும் என்றேன். தச்சர் ஊரில் இல்லை என்றேன். தச்சருக்குக் காய்ச்சல் என்றேன். அந்தத் தச்சர் நேற்று வாசலில் நின்று அப்பாவிடம் நலம் விசாரித்துவிட்டுப் போகிறார்.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இரண்டு பேரின் காதையாவது திருகியிருப்பேன். இப்போது அதைச் சொல்லி என்ன.

மாடி ஏறிப் போ. அட்டை தொங்கினால் படிக்கட்டு இருக்கிறதல்லவா?

அக்கா

*

ஏப்ரல் 4

அக்கா,

ஏறினேன்.

கதவைத் திறந்தது அத்தை. நான் யார் மகன் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது, உடனே உள்ளே திரும்பிப் பார்த்தார், மலர்ந்தது அப்படியே சுருங்கிவிட்டது. மாமா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். ரயில் என்று பேர் வாங்கின கால் இரண்டும் இப்போது தடியாக வீங்கியிருக்கிறது. சுவரில் ஒரே ஒரு பதக்கம். சட்டம் இல்லை, ஒரு ஆணியில் நாடாவோடு தொங்குகிறது.

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடை, போன், நான் சொன்ன வார்த்தை, எல்லாம். என் பள்ளிக்கூடக் கதையைக்கூடச் சொன்னேன். முடித்ததும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"உங்கப்பாவுக்கு எட்டு இருக்கு. எனக்கு ஒண்ணே ஒண்ணு. அதையும் எடுத்து மாட்டிக்கிட்டாரா?"

"அவர் இல்லை மாமா. நான்தான்."

"கீழ சலூன்காரன் என்ன கேட்டான் தெரியுமா? பேப்பரைக் காட்டி, 'அப்ப நீங்க இத்தனை வருஷமா சொன்னது எல்லாம் ரீலா பெரியவரே'ன்னு கேட்டான். பாதி முடி வெட்டினபடியே எழுந்து வந்துட்டேன்."

அத்தை டீ கொண்டு வந்து வைத்தார். மாமா அதைத் தொடவில்லை, நானும் தொடவில்லை.

அப்புறம் ஒன்று கேட்டார். "நீ பண்ணினே, சரி. சின்னப் பையன், புத்தி இல்லை. உங்கப்பனுக்குக் கண்ணுதானே போச்சு? காது கேக்கும்ல? ஒன்பதுன்னு சொன்னதைக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தானே. நான் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னானா?"

அக்கா, அப்பா கேட்டாரா இல்லையா? அங்கே இருந்தது நீ. சத்தத்தில் காதில் விழவில்லை என்றால் அப்படி எழுது. நான் போய்ச் சொல்கிறேன். ஏதாவது எழுது.

கிளம்பும்போது, "மாமா, ஒரு போன் மட்டும் பண்ணுங்க. அவர் தினம் காத்துக்கிட்டிருக்கார்" என்றேன். "எனக்கு வயசாயிடுச்சுப்பா. கோபப்படவும் தெம்பு இல்லை, சமாதானமாகவும் தெம்பு இல்லை" என்றார்.

படியில் இறங்கும்போது அந்த லிஃப்டின் மோட்டாரைத் திறந்து பார்த்தேன். இரண்டு நாள் வேலை. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போய்ச் சரி பண்ணப்போகிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

தம்பி

*

ஏப்ரல் 15

தம்பிக்கு,

அப்பா கேட்டார்.

உனக்கு எழுதின முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். உன்னை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நான் வெளியே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அறிவிப்பாளர் ஒன்பது என்று சொன்ன அந்த நொடியே அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் விரல்கள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், எல்லாம் உடைந்து கோணல் மாணலாகச் சேர்ந்தவை. இறுக்கிப் பிடித்து, "எட்டு. எட்டுன்னு சொல்லு" என்றார். ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் வாழ்நாளில் அவருக்காக அத்தனை பேர் எழுந்து நின்றது அன்றைக்குத்தான். இரண்டாவது முறை, "மைக்கைக் கேளு" என்றார். மைக் மேடையின் அந்தக் கோடியில் இருந்தது. ஐந்தாறு அடிதான். நான் எழுந்திருக்கவில்லை. மூன்றாவது முறை சொன்னபோது, "சரிப்பா, அப்புறம் சொல்லிடறேன்" என்றேன். அதற்குள் பாட்டு போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "சொல்லிட்டியா?" என்று கேட்டார். "சொல்லிட்டேன்பா" என்றேன்.

இதுதான் நடந்தது. நீ தங்கம் பூசினாய். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எது பெரிய தப்பு என்று ராத்திரி பகலாக யோசித்து அலுத்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும் வரை நாற்காலியின் கையைப் பிடித்தபடி இருந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவனுக்கு ஒண்ணே ஒண்ணுதான்டி" என்றார். ரயில் மாமா உன்னிடம் சொன்னது அதே வார்த்தை. அதை மட்டும் நான் அவரிடம் சொல்லியிருக்கவே இல்லை.

உன்னைப் பற்றி ஒன்றும் கோபமாகச் சொல்லவில்லை. "ஓட்டைப் பூட்டுன்னு கூப்பிட்டாங்களா? எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். அப்புறம் சட்டத்தைத் திறக்கச் சொன்னார். குறடு கொண்டு வந்து ஆணியைப் பிடுங்கினேன். ஒன்பதையும் ஒவ்வொன்றாக வாங்கி, முன்னும் பின்னும் தடவி, உள்ளங்கையில் எடை பார்த்து, மடியில் வைத்தார். மறுபடி முதலிலிருந்து. மூன்று சுற்று பார்த்தார். "உள்ள வச்சிடும்மா" என்றார்.

அப்புறம் எழுந்து, தானே போனை எடுத்து, ரயில் மாமா நம்பரைச் சுற்றினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓடினேன். மாமாவிடம் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். எட்டு என்று மூன்று தடவை சொன்னது, மணிக்கட்டைப் பிடித்தது எல்லாம். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அது கேக்கலையே" என்றார். நம்பினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

போன் விஷயம் அத்தையிடம் வாசலில் கேட்டேன். "அடிக்குதுப்பா. நான் எடுக்கப் போனா வேண்டாம்கிறார். வீட்டுல நான் யாருக்குன்னு பேசறது?" என்றார்.

லிஃப்டைச் சரி பண்ணிவிட்டேன். கட்டடமே கொண்டாடுகிறது. சலூன்காரர்கூட மாடிக்கும் கீழுக்குமாக நாலு தடவை சும்மா போய் வந்தார். மாமா மட்டும் ஏறமாட்டாராம். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறார். நான் லிஃப்ட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். என்னைத் தாண்டிப் படிக்கட்டுக்குப் போனார்.

உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நான் அங்கே இருந்திருந்தாலும் உட்கார்ந்துதான் இருந்திருப்பேன்.

தம்பி

*

மே 21

தம்பிக்கு,

பேப்பரில் திருத்தம் வந்துவிட்டது. நாலு மாசம் கழித்து, 'வாடகைக்கு விடப்படும்' விளம்பரங்களுக்குக் கீழே, மூன்று வரி. அப்பா பேரில் ஒரு எழுத்து இல்லை. வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன். மாமாவிடம் கொடு. சலூன்காரரிடமும் காட்டு.

அப்பா தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுகிறார். மருந்து நேரம் தவறினாலும் இது தவறுவதில்லை. எடுக்கமாட்டார் என்று தெரிந்தேதான் பண்ணுகிறார். நாலு நாள் பொறுத்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. "ஏம்பா இப்படிக் கெஞ்சறீங்க, விட்டுடுங்க" என்று சத்தம் போட்டுவிட்டேன்.

"நான் எங்கடி கெஞ்சறேன்? மணிதானே அடிக்குது" என்றார்.

"எடுத்தா என்ன சொல்லுவீங்க?"

"தெரியலை. எட்டுன்னு சொல்லுவேன். அதை இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது. எடுக்காம இருக்கிறதே நல்லதோ என்னவோ" என்றார். மறுநாள் ஆறு மணிக்கு மறுபடி நம்பரைச் சுற்றினார்.

மெலிந்துகொண்டே வருகிறார். கொஞ்ச நாளாக ரிசீவரைப் பிடித்திருக்கும் கை நடுங்குகிறது. நேற்று லேபுக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்தேன். என் கையாலேயே லேபிள் ஒட்டினேன். சர்க்கரை, உப்பு, எல்லாம் சரியாக இருக்கிறது. டாக்டர், "வயசுதான், வேற ஒண்ணும் இல்லை" என்கிறார். ஒன்றும் இல்லாததற்கு மருந்து எழுதித் தரச் சொல்லி யாரிடம் கேட்பேன்?

நீ ஒரு தடவை வந்துவிட்டுப் போ. லீவு தராவிட்டாலும் வா.

அக்கா

*

ஜூன் 9

அக்கா,

லீவு கேட்டுவிட்டேன். இந்தத் தடவை சூப்பர்வைசரின் பார்வையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். இருபதாம் தேதி கிளம்புகிறேன். அதற்கு முன்னால் இதை எழுதியாக வேண்டும். அப்பா பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்துப் படி.

திருத்தத்தைக் கொடுக்க நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். ஆறு மணி ஆகப் பத்து நிமிஷம் இருக்கும். அத்தைதான் உட்காரச் சொன்னார். மாமா கடுதாசித் துண்டை வாங்கி, கண்ணாடி போட்டு வாசித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். தலை வாரினார். நாற்காலியை இழுத்து போன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அத்தை ரேடியோவை அணைத்தார். தினமும் செய்கிற காரியம் என்று பார்த்ததும் தெரிந்தது.

ஆறு மணிக்குப் போன் அடித்தது.

அவர் கையை ரிசீவர் மேல் வைத்தார். எடுக்கப்போகிறார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. வைத்த கையை அப்படியே வைத்திருந்தார். மணி அடிக்க அடிக்க அவர் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார், அக்கா. நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"எடுங்களேன் மாமா. ஒரு ஹலோ மட்டும்" என்று சொன்னேன்.

"முடியலைடா" என்றார். முதல் தடவையாக என்னை டா போட்டுக் கூப்பிட்டார். "எடுத்தா ஏதாவது சொல்லணும். என்ன சொல்றது? அவனும் பாவம்."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் துளிகூட இல்லை. பயம்தான் இருந்தது. "எப்பவும் இருபதுக்குக் குறையாம அடிப்பான். இன்னைக்குப் பதினொண்ணுலயே வச்சிட்டான். முந்தாநாள் பதினாலு. நேத்து பதிமூணு. அவனுக்கு என்ன உடம்புக்கு?"

கை நடுங்குகிறதாம், அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்றேன்.

உடனே பதில் போடு. தந்தி கொடுத்தாலும் சரி. அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

தம்பி